ஓலான்சபின் எடைக்குச் செல்பேசிச் செயலி: யாருக்காவது உண்மையில் உதவியதா?

தாமிரபரணி அக்கா

வணக்கம். என் தம்பிக்கு வயது 27. மனச்சிதைவு நோய். இரவில் ஓலான்சபின் 15 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறான். மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குரல்கள் அடங்கிவிட்டன, தூக்கம் வந்துவிட்டது, ஓர் அச்சகத்தில் அரை நாள் வேலைக்கும் போகிறான். ஆனால் 61 கிலோவாக இருந்தவன் இப்போது 83 கிலோ. மருத்துவமனையில் இதைப் பற்றிக் கேட்டால் "சாதத்தைக் குறை, நடந்து பழகு" என்ற ஒரே வரிதான் பதில். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

அவனுக்கே இது உறுத்துகிறது. பழைய சட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறான். எடைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவானோ என்பதுதான் என் கவலை. முன்பு ஒருமுறை நிறுத்தியதில் நாங்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டாம்.

சித்தி மகன் கலோரி எழுதும் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தான். எல்லாம் ஆங்கிலம். இரண்டு இட்லியையும் சட்னியையும் பதிவதற்குள் இவனுக்குப் பொறுமை போய்விட்டது. பணம் கட்டினால் பயிற்சியாளர் ஒருவர் பேசுவாராம். கையில் கட்டும் பட்டை வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம். உடல் இளைக்கப் பொதுவான அறிவுரை எனக்கு வேண்டாம், அது வீடு நிறையக் கிடைக்கிறது. இந்த மாத்திரைகளை எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் சொல்லுங்கள்: எது பயன்பட்டது, எது மூலையில் கிடக்கிறது?

கணக்கு வழக்கு

எந்தச் செயலி என்பது பெரிய விஷயமே இல்லை அம்மா. உள்ளே போவதை எழுத வேண்டும், வெளியே செலவாவதை எழுத வேண்டும், இரண்டையும் கழிக்க வேண்டும். நான் அப்படித்தான் ஒன்பது கிலோ குறைத்தேன். சமையலறைக்கு ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒழுங்கு வந்துவிட்டால் எடை தானாக இறங்கும்.

இரண்டாம் ஷிப்ட்

கணக்கு வழக்கு ஐயா, அந்த ஒன்பது கிலோவை ஓலான்சபின் போட்டுக்கொண்டா குறைத்தீர்கள்?

நான் போட்டுக்கொண்டிருப்பவன், அதனால் கேட்கிறேன். அந்தப் பசியைத் தெரியாதவர்களுக்கு விளக்குவது சிரமம். இரவு சாப்பிட்டுக் கை கழுவி, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மதியத்திலிருந்து பட்டினி கிடந்தவனைப் போல வயிறு கேட்கும். நாக்கு ருசி தேடுவதில்லை. மிச்சமிருக்கும் ஆறிப்போன சோறு, பிஸ்கட், வெறும் சர்க்கரை, எதுவானாலும் போதும். சாப்பிட்ட பிறகும் "போதும்" என்ற உணர்வு வராது. இந்த நிலையில் இருப்பவனிடம் ஒரு செயலி சிவப்பு நிறத்தில் "இன்றைய அளவைத் தாண்டிவிட்டீர்கள்" என்று காட்டினால் என்ன நடக்கும்? நான் செயலியை அழித்தேன். என் நண்பர் ஒருவர் அதற்குப் பதிலாக மாத்திரையை விட்டார். அவர் கதை நல்லபடியாகப் போகவில்லை.

தாமிரபரணி அக்காவுக்கு என் பதில்: உணவு எழுதும் செயலி எனக்கு உதவவில்லை. செல்பேசியில் ஏற்கெனவே இருக்கும் நடை எண்ணும் வசதி உதவியது, அதுவும் நண்பன் ஒருவன் கூட நடக்க வந்த பிறகு. எடை மெஷினும் உதவியது. இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் என்னிடம் நிலைக்கவில்லை.

பருத்தித்துறை

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் மனநலத் தாதியாக வேலை செய்கிறேன். இரண்டாம் ஷிப்ட் சொன்ன பசி கற்பனை இல்லை. ஓலான்சபினும் அதே வகை மருந்தான குளோசபினும் மூளையில் ஹிஸ்டமின் எச்1 ஏற்பியையும் செரட்டோனின் 5எச்டி2சி ஏற்பியையும் அடைக்கின்றன. ஏற்பி என்றால் மூளைச் செல்கள் செய்தி வாங்கும் வாசல். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வழியில் இவை குறுக்கே நிற்கின்றன. அதோடு பகலில் தூக்கக் கலக்கம், வாய் உலர்ந்து இனிப்புப் பானத்தைத் தேடுவது, நோயின் பங்காக வரும் முனைப்பின்மை எல்லாம் சேர்கின்றன. எடை கூட்டுவதில் இந்த இரண்டு மருந்துகளும் முன்வரிசை. ரிஸ்பெரிடோனும் குவெட்டியபினும் நடுவில். அரிபிப்ரசோல், லுராசிடோன் போன்றவை பின்வரிசை.

ஆகவே எந்தச் செயலி என்று கேட்பதற்கு முன், எடையை யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் 2004இல் சேர்ந்து ஓர் அட்டவணை போட்டார்கள். குளிசை (மாத்திரை) தொடங்கும்போது எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு 4, 8, 12ஆம் வாரங்களில் எடை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை 12ஆம் வாரத்தில், பிறகு ஆண்டுதோறும். தொடக்க எடையில் 5 சதவீதம் ஏறினாலே மருந்தை மாற்றலாமா என்று வைத்தியர் யோசிக்க வேண்டும். 61 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்றால் மூன்று கிலோதான். உங்கள் தம்பி அந்தக் கோட்டைத் தாண்டியபோது யாரும் மெஷினைப் பார்க்கவில்லை.

தெற்காசியர்களுக்கு இன்னொன்று. நம் உடலில் கொழுப்பு வயிற்றில் சேர்வதால் உயர எடை விகிதம் (பி.எம்.ஐ.) 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு. இடுப்பளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வெளிநாட்டுச் செயலிகள் பெரும்பாலும் 25இல்தான் எச்சரிக்கை காட்டும். அதை நம்பி இருக்கக் கூடாது. தையல்காரரின் அளவு நாடா ஒன்று வாங்கி வையுங்கள், மின்கலம் தேவையில்லை.

கணக்கு வழக்கு

மருந்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் எடை குறைந்துவிடாதே. ஏதாவது ஒன்றை அளந்துதானே ஆக வேண்டும்? எல்லாவற்றுக்கும் மருந்தைக் காட்டினால் அந்தத் தம்பி செய்ய என்னதான் மிஞ்சும்?

கள ஊழியர்

நியாயமான கேள்வி. நான் மனநல மறுவாழ்வில் சமூகப் பணியாளன். வேலைக்காக இந்த ஆய்வுகளைப் படித்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மறுவாழ்வு மையங்களில் 291 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. கடுமையான மனநோய் உள்ளவர்கள்; பெரும்பாலோர் இதே வகை மாத்திரைகள் எடுப்பவர்கள். செயலி எதுவும் இல்லை. அவர்கள் அன்றாடம் வரும் இடத்திலேயே குழு உடற்பயிற்சி, எடை பற்றிய வகுப்பு, தனித்தனிப் பேச்சு. 18 மாத முடிவில் மற்ற குழுவைவிடச் சராசரியாக 3.2 கிலோ குறைவு. கேட்டால் சிறியதாகத் தெரியும். கவனிக்க வேண்டிய இடம் வேறு. பொதுவாக எடை குறைப்பில் முதல் ஆறு மாதம் இறங்கும், பிறகு ஏறும். இவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனது. "இவர்களால் முடியாது" என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

டிஜிட்டல் பக்கம் வருவோம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை 276 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு இணைய வழிப் பாடங்கள், கூடவே தானும் மனநோயோடு வாழ்ந்து தேறிய ஒருவர் தொலைபேசியில் பயிற்சியாளர். இன்னொரு பிரிவுக்கு நேரடி வகுப்பு. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. உடல் பருமன் உள்ளவர்களில் இணையப் பிரிவினர் ஆறு மாதத்தில் சராசரியாக மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழந்தார்கள். மற்ற இரு பிரிவுகளும் அவ்வளவு தேறவில்லை. இதைப் படித்துவிட்டுப் பலர் "பார்த்தீர்களா, இணையம் ஜெயித்தது" என்கிறார்கள். அந்தப் பயிற்சியாளரின் தொலைபேசி அழைப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கைப்பட்டை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மனநோய் இல்லாத, எடை கூடிய இளைஞர்கள் 470 பேரிடம் அமெரிக்காவில் இரண்டாண்டு ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு, ஒரே ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் உடலில் அணியும் கருவி கூடுதலாகக் கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைத்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. ஏனென்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டதே பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் ஊகம்.

கணக்கு வழக்கு கேட்டதற்கு வருகிறேன். தம்பி செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் செயலிகள் ஒரு தவறான அனுமானத்தின் மேல் கட்டப்பட்டிருக்கின்றன: மனிதன் மறந்துபோகிறான், நினைவூட்டினால் செய்வான். மனச்சிதைவில் முனைப்பின்மை என்று ஒன்று உண்டு. நடக்க வேண்டும் என்று தெரியும், செருப்பு வாசலில் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, எழுந்திருப்பதுதான் நடக்காது. அங்கே மணி அடித்துப் பயனில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால் எழுந்துவிடுகிறார்கள். களத்தில் நான் மீண்டும் மீண்டும் பார்த்தது இது.

பருத்தித்துறை

கள ஊழியர் நல்ல செய்திகளையே சொன்னார், மற்றப் பக்கத்தையும் வைக்கிறேன். இங்கிலாந்தில் மனச்சிதைவு போன்ற நோயுள்ள 414 பேருக்குக் குழு வகுப்புகள் நடத்தினார்கள். ஓராண்டு முடிவில் எடையில் வித்தியாசமே இல்லை. டென்மார்க்கில் 428 பேருக்கு வாழ்க்கைமுறைப் பயிற்சியாளர் வைத்தும் ஓராண்டில் இதய நோய் ஆபத்து குறையவில்லை. ஆள் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது.

எனக்கு நம்பிக்கை தந்தது சிட்னி. முதல்முறை மனநோய் வந்த இளையவர்களுக்குக் குளிசை தொடங்கிய உடனேயே உணவு ஆலோசகர், உடற்பயிற்சி ஆலோசகர், தாதி மூவரையும் சேர்த்து 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கூடிய நிறை 1.8 கிலோ. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.8 கிலோ. சிறிய ஆய்வுதான், முப்பது பேர்கூட இல்லை. ஆனால் ஏறிய பிறகு இறக்குவதைவிட ஏறாமல் தடுப்பது எளிது என்பது எங்கள் வார்டில் தினமும் காண்பது. இந்த இழையைப் படிப்பவர்களில் யாருக்காவது வீட்டில் இந்தக் குளிசை இப்போதுதான் தொடங்கியிருந்தால், தயவுசெய்து இந்த வாரமே எடை பார்த்து எழுதி வையுங்கள்.

வேப்பம்பூ

நான் ஒரு தாய். மகளுக்கு இருமுனையக் கோளாறு, அதாவது மனநிலை மிகவும் உயர்வதும் தாழ்வதுமாக மாறும் நோய். லித்தியமும் குவெட்டியபினும் எடுக்கிறாள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மகள் வைத்திருந்த செயலி ஒன்று "ஏழு நாள் உடல் சுத்திகரிப்பு" என்று ஒரு திட்டத்தை நீட்டியது. உப்பே கிடையாது, பழச்சாறும் சூப்பும்தான். லித்தியம் எடுப்பவர்கள் உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று தொடங்கும். கோடை வெயிலில் வியர்க்க ஓடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் இதே ஆபத்து. அந்தச் செயலி வயதைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது, கல்யாணம் எப்போது என்றுகூடக் கேட்டது. என்ன மாத்திரை எடுக்கிறாய் என்று கேட்கவில்லை. எந்தச் செயலியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சியாளரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறினால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

கைப்பட்டையால் எங்களுக்குக் கிடைத்த நன்மை எடையில் இல்லை. அவளுடைய மருத்துவர் சொல்லித்தான் தூக்கத்தையும் நடையையும் பார்க்கத் தொடங்கினோம். மனநிலை உயரத் தொடங்கும்போது தூக்கம் சுருங்கி, இரவு நேர நடை ஏறுகிறது. அவள் "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லும் நாட்களில் அந்த வரைபடத்தை அவளே பார்த்து, மருத்துவருக்குத் தானே போன் செய்திருக்கிறாள். அதே பட்டையில் தோழிகளோடு நடைப்போட்டி வைக்கும் வசதியை மட்டும் அணைத்துவிட்டோம். உற்சாகம் ஏறும் காலத்தில் அவளைவிட அதிகம் யாராலும் நடக்க முடியாது, அது வெற்றியும் இல்லை.

அந்தப் பத்தாயிரம் அடி என்ற எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கக் கிளப்பிய எண் அது. நேற்றைவிடக் கொஞ்சம் கூட நடந்தால் போதும்.

சமையலறையில் நாங்கள் செய்வது: தட்டைப் படம் எடுத்து மகள் தன் பெரியம்மா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள், அவள் தன் தட்டை அனுப்புகிறாள். கலோரி கிடையாது, திட்டு கிடையாது. வாய் உலர்வதற்குக் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தாள், இப்போது பானைத் தண்ணீரும் நீர்மோரும். மோரில் வழக்கமான உப்பு உண்டு. இரவுப் பசிக்கென்றே சுண்டலும் வெள்ளரிக்காயும் எடுத்து வைக்கிறேன். பசி வரத்தான் போகிறது, அது வரும்போது கைக்கு எட்டுவது பிஸ்கட் டின்னாக இருக்கக் கூடாது.

இரண்டாம் ஷிப்ட்

வேப்பம்பூ அம்மா, இரவுச் சுண்டல் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பசிக்குப் பயந்து அலமாரியைப் பூட்டினார்கள். பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவோம்.

கதவு எண் 7

என் மகன் நோய் முற்றியிருந்த காலத்தில், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், போன் வழியாகக் கண்காணிக்கிறார்கள் என்று நம்பியவன். தேறி வந்த பிறகு உறவினர் ஒருவர் அன்போடு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அவன் எங்கே நடக்கிறான் என்ற வரைபடம் அவர் போனிலேயே தெரியும்படி அமைத்தும் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். கண்காணிக்கிறார்கள் என்பது நோய் என்று நாம் அவனுக்கு விளக்கி முடித்த மறுநாள், உண்மையாகவே கண்காணிக்கும் ஒரு கருவியை அவன் கையில் கட்டுகிறோம்.

கழற்றிவிட்டோம். பிறகு மகனே சில விதிகள் சொன்னான். தகவல் அவன் போனில் மட்டும் இருக்கும். கடவுச்சொல் அவனுடையது. இருப்பிடம் காட்டும் வசதி அணைந்திருக்கும். நடை எண்ணிக்கைக்கு அது தேவையே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டுவான்.

சட்டப் பக்கமும் பாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மேல் வைக்கிறது. எடைச் செயலி நடத்தும் நிறுவனம் உங்கள் மருத்துவர் இல்லையே. அதற்கு 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், அது சம்மதத்தை மையமாக வைத்தது. நாமோ படிக்காமலே எல்லாப் பெட்டியிலும் சம்மதம் என்று தட்டிவிடுகிறோம். வேலை பார்க்கும் இடத்தில் கொடுக்கும் உடல்நலச் செயலிகளில் நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் எழுதாதீர்கள். மேலே வேப்பம்பூ அம்மா பயிற்சியாளரிடம் மருந்தைச் சொல்லச் சொன்னார்கள், சரிதான். வாயால் சொல்லுங்கள், செயலியில் பதிய வேண்டாம்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது, ஒரே ஒரு நினைவூட்டல். இங்கே படித்ததை வைத்து யாரும் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். மருத்துவரை உடனே பார்க்க முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். செயலி விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கணக்கு வழக்கு

என் கருத்து மாறவில்லை, அளக்காமல் எதையும் நடத்த முடியாது. ஆனால் எதை அளப்பது என்பதில் இந்த இழைக்கு ஏற்ற ஒன்றைச் சொல்கிறேன். தினமும் எடை பார்க்க விடாதீர்கள். உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் இவற்றாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும். மனம் சோர்ந்திருப்பவர்களுக்கு அந்த ஆட்டமே போதும், கைவிட்டுவிடுவார்கள். வாரத்தில் ஒரே நாள், காலையில், கழிப்பறை போய்வந்த பின், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். நான்கு வார எண்களைக் கூட்டி நான்கால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். செல்பேசியிலுள்ள சாதாரண விரிதாள் போதும். இதற்குப் பணம் கேட்கும் செயலிகள் செய்வதும் இதே கூட்டலும் வகுத்தலும்தான்.

பின் பெஞ்சு

இத்தனை பேசியும் உடல் இளைக்கப் போடும் அந்த வாராந்திர ஊசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? எல்லோரும் அதில்தானே இளைக்கிறார்கள்?

பருத்தித்துறை

செமாகுளுடைடைச் சொல்கிறீர்கள். மனநல மருந்து எடுப்பவர்களிடமும் அதை ஆராய்ந்து வருகிறார்கள், அது வைத்தியரோடு பேச வேண்டிய பேச்சு. ஓர் எச்சரிக்கை மட்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், மலச்சிக்கலும் வரும். குளோசபின் தானாகவே கடும் மலச்சிக்கலை உண்டாக்கும், குடல் அசைவு நின்று உயிர் போன சம்பவங்கள் உண்டு. இரண்டையும் யாரும் பார்க்காமல் சேர்த்துப் போடுவது விளையாட்டல்ல.

அதற்கு முன் மெட்ஃபார்மின் என்ற பழைய, மலிவான சர்க்கரை நோய்க் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். சீனாவில் முதல்முறை மனச்சிதைவு வந்து, மருந்தால் எடை கூடிய 128 பேரிடம் 12 வாரம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் செய்தவர்களுக்கு உயர எடை விகிதம் 0.5 குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 1.8. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 1.2 கூடியது. சிறுநீரகம் பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும். தொடக்கத்தில் வயிறு கலக்கும், நீண்ட காலம் எடுத்தால் இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும்.

கள ஊழியர்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மனநோய் உள்ளவர்களை வீட்டார் அவர்கள் முன் கொண்டுவருவதே இல்லை. பாட்டிக்குப் பார்க்க வரும்போது தம்பிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான மனநோயுள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும் பங்கு இதயமும் சர்க்கரையும் போன்ற உடல் நோய்களுக்கு உண்டு. சர்க்கரை பார்க்கும் கருவியும் டிஜிட்டல்தான். இந்த இழையில் பேசிய எல்லாவற்றிலும் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

தாமிரபரணி அக்கா

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பருத்தித்துறை சொன்ன அட்டவணையை ஒரு தாளில் எழுதி, பழைய எடை எனக்குத் தெரிந்த மாதங்களில் குறித்து எடுத்துப் போனேன். இந்த முறை ஒரே வரியில் முடியவில்லை. இடுப்பளவு எடுத்தார்கள், 101 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க எழுதிக் கொடுத்தார்கள். அரிபிப்ரசோலுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். முன்பு நோய் திரும்பிய வேகத்தைப் பார்த்தால் இப்போது வேண்டாம், ஓலான்சபின் அளவை ஒரு படி குறைத்துப் பார்ப்பது பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார் மருத்துவர். இரத்தப் பரிசோதனை வந்ததும் மெட்ஃபார்மின் பற்றி முடிவு செய்வதாகச் சொன்னார். மாத்திரை நேரத்தை இரவு பத்திலிருந்து எட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார், காலைத் தூக்கக் கலக்கம் குறையும் என்று.

கைப்பட்டை வாங்கவில்லை. கலோரிச் செயலியைத் தம்பியே அழித்துவிட்டான். ஞாயிறு காலை எடை, செல்பேசியின் நடை எண்ணிக்கை, இந்த இரண்டு மட்டும். கதவு எண் 7 ஐயா எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் உனக்கு அனுப்ப மாட்டேன், அச்சகத்து முத்து அண்ணனுக்குத்தான் அனுப்புவேன்" என்றான். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த அண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிறதாம், இருவரும் வேலை முடிந்து பஸ் நிலையம் வரை நடந்து வருகிறார்கள். எடை என்ன ஆனது என்று இப்போது கேட்காதீர்கள், நான்கு வாரச் சராசரி இன்னும் வரவில்லை.

இரண்டாம் ஷிப்ட் தம்பிக்கு: அலமாரியை நாங்களும் பூட்டியிருந்தோம். சாவியை அம்மாவிடமிருந்து வாங்கிவிட்டேன்.

இரண்டாம் ஷிப்ட்

அக்கா, நடை எண்ணிக்கையில் ஒரு குறை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேடு பள்ளமான சாலையில் பைக்கில் போனாலும் என் போன் சில நூறு அடிகளைச் சேர்த்துக்கொள்கிறது. முத்து அண்ணன் வண்டி வைத்திருந்தால் கவனியுங்கள்.

பின் பெஞ்சு

போன் மட்டுமா? என் கைப்பட்டை தேங்காய் துருவினாலே அடி எண்ணுகிறது. நேற்று எங்கள் வீட்டில் அவியல், இரண்டாயிரம் அடி.

வேப்பம்பூ

தேங்காய் துருவும் ஆண்மகனுக்கு அந்த இரண்டாயிரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.